நேச்சுரலா, ரெட்யூஸ்டு ஃபேட்டா: அப்பாவுக்கு எந்த பீனட் பட்டர்?

கேள்வி | 3 பிப்ரவரி 2024

அப்பா ஆறு மாசத்துக்கு இங்க டெக்சஸ் வந்திருக்கார். வயசு 63, சர்க்கரை இருக்கு, மாத்திரையில ஓடுது. ஊர்ல சாயங்காலம் ஒரு பிடி அவிச்ச மல்லாட்டை (நிலக்கடலை) இல்லாம இருக்க மாட்டார். இங்க வந்து ரொட்டியில பீனட் பட்டர் பழகிட்டார். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி ஊர் டாக்டர் சொன்னதால ரெட்யூஸ்டு ஃபேட் டப்பா வாங்கினேன். வீட்டுல நேச்சுரல்தான் நல்லதுன்னு சண்டை. ஆனா அதுல கொழுப்பு 16 கிராம், இதுல 12. கணக்குப்படி நான் வாங்கினதுதானே சரி?

3 பிப்ரவரி, இரவு

சரியில்லை. டப்பாவைத் திருப்பி, கொழுப்பு வரியோடு நிறுத்தாமல் கீழே வரைக்கும் படியுங்கள்.

அமெரிக்கக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ரெட்யூஸ்டு ஃபேட் டப்பாவின் லேபிள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 2 டேபிள்ஸ்பூன், 36 கிராம், 190 கலோரி, கொழுப்பு 12 கிராம், மாவுச்சத்து 15 கிராம், அதில் சர்க்கரை 4 கிராம், புரதம் 7 கிராம். கடலையும் உப்பும் மட்டும் போட்ட நேச்சுரல்: 2 டேபிள்ஸ்பூன், 32 கிராம், 190 கலோரி, கொழுப்பு 16, மாவுச்சத்து 7, சர்க்கரை 1 அல்லது 2, புரதம் 7 அல்லது 8.

கலோரி ரெண்டிலும் ஒன்றுதான். நாலு கிராம் கொழுப்பு போன இடத்தில் எட்டு கிராம் மாவுச்சத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு இது நல்ல பண்டமாற்று இல்லை.

4 பிப்ரவரி

அந்த எட்டு கிராம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சேர்மானப் பட்டியலில் இருக்கிறது. எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதலில் கடலை, அடுத்து கார்ன் சிரப் சாலிட்ஸ், அதற்கடுத்து சர்க்கரை, பிறகு பட்டாணிப் புரதம், உப்பு, ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய். சில டப்பாக்களின் முகப்பிலேயே '60% கடலை' என்று போட்டிருக்கும். மீதி 40% என்ன என்று கேட்டால் விஷயம் புரிந்துவிடும்.

கார்ன் சிரப் சாலிட்ஸ் என்பது மக்காச்சோள மாவைப் பாகாக்கி உலர்த்திய பொடி. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் அதற்கு அண்ணன் தம்பி. மாவு இன்னும் கொஞ்சம் குறைவாக உடைந்திருக்கும், அதனால் இனிப்பு கம்மி. லேபிளில் 'சர்க்கரை' என்ற வரியில் குளுக்கோஸ், சுக்ரோஸ் மாதிரி சின்ன மூலக்கூறுகள் மட்டுமே சேரும். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும், சிரப் சாலிட்ஸும் ஓரளவு, அந்த வரிக்கு வெளியே நின்றுகொள்ளும். வயிற்றுக்குள் போனதும் அதுவும் மளமளவென்று குளுக்கோஸாகிவிடும்.

ஆகவே சர்க்கரை வரியை நம்பாதீர்கள். மொத்த மாவுச்சத்திலிருந்து சர்க்கரையையும் நார்ச்சத்தையும் கழியுங்கள். ரெட்யூஸ்டு ஃபேட்டில் 15 − 4 − 2 = 9 கிராம். நேச்சுரலில் 7 − 2 − 2 = 3 கிராம். அந்த ஒன்பதில் பெரும்பகுதி கடலையில் விளைந்ததில்லை.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

36 கிராமுக்கும் 32 கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே சொல்லாமல் விட்டது தப்பு. அதுதான் முக்கியம்.

லேபிள்காரர்கள் ஏமாற்றவில்லை. ரெண்டும் 2 டேபிள்ஸ்பூன்தான். எண்ணெய் லேசு, சிரப் பொடி கனம். எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொடியைப் போட்டால் அதே ஸ்பூன் கனமாகிவிடும். 100 கிராமுக்குக் கணக்கிட்டால் ரெட்யூஸ்டு ஃபேட் சுமார் 528 கலோரி, நேச்சுரல் சுமார் 594. காகிதத்தில் 11% குறைவு. தராசு வைத்துச் சாப்பிடுகிறவருக்கு அந்த 11% கிடைக்கும். ஸ்பூனால் எடுத்துத் தடவுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. காலை நேரத்தில் ரொட்டிக்குத் தராசு வைப்பவர் யார்?

6 பிப்ரவரி

'கொழுப்பு குறைந்தால் இதயத்துக்காவது நல்லதுதானே' என்று கேட்டவருக்கு: எந்தக் கொழுப்பு குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 49 கிராம் எண்ணெய். அதில் பாதி ஒலீயிக், அதாவது ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் அதே வகை. மூன்றில் ஒரு பங்கு லினோலீயிக். நிறைவுற்ற கொழுப்பு 6 முதல் 7 கிராம்தான். ரெட்யூஸ்டு ஃபேட்டில் கழன்றுபோகும் 4 கிராமில் நிறைவுற்றது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. மீதி மூன்று கிராமும் நல்ல எண்ணெய். டாக்டர் குறைக்கச் சொன்னது இதையா? வடை, முறுக்கு, பாமாயில், வெண்ணெய், ஆட்டுக்கறிக் கொழுப்பு இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அநேகமாகச் சொல்லியிருப்பார். அடுத்த முறை பேசும்போது அவரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

2003லேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு வரம்புக்குட்பட்ட வாசகத்தை அனுமதித்தது: நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவோடு தினம் ஒன்றரை அவுன்ஸ், அதாவது 42 கிராம், கொட்டைகள் சாப்பிட்டால் இதயநோய் அபாயம் குறையலாம், ஆனால் இது முழுமையாக நிரூபிக்கப்படவில்லை என்று. அந்தப் பட்டியலில் நிலக்கடலையும் உண்டு. அங்கே பேச்சு முழுக் கடலையைப் பற்றி, சிரப் கலந்த விழுதைப் பற்றி அல்ல.

7 பிப்ரவரி

அப்பாவுக்கு இன்றைக்கே செய்ய வேண்டியது இது. சமையலறைத் தராசில் டப்பாவைத் திறந்தபடி வையுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்பா வழக்கமாக எடுப்பது போல ஒரு ஸ்பூன் எடுக்கட்டும். தராசு மைனஸில் ஒரு எண் காட்டும். அதுதான் அவர் உண்மையில் சாப்பிடுகிற அளவு. தட்டையாக வழித்த ஒரு டேபிள்ஸ்பூன் 16 கிராம். குவித்து எடுத்தால் 25, 30 என்று போகும். வழித்ததற்கும் குவித்ததற்கும் 60, 70 கலோரி வித்தியாசம். டப்பாவை மாற்றுவதைவிட ஸ்பூனை மாற்றுவதில் கிடைப்பது அதிகம்.

காலையில் வழித்த ஒரு டேபிள்ஸ்பூன் நேச்சுரல்: 95 கலோரி, 8 கிராம் கொழுப்பு, கிட்டத்தட்ட 4 கிராம் புரதம். வெள்ளை பிரெட்டில் தடவினால் சர்க்கரையை ஏற்றுவது பிரெட். அதை முழுக் கோதுமையாக மாற்றுங்கள், அல்லது சப்பாத்தியில் தடவுங்கள். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால் கடலையின் பாஸ்பரஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

9 பிப்ரவரி

நேச்சுரல் வாங்கியாச்சு, மேலே எண்ணெய் நிற்குது, அடியில் களிமண் மாதிரி இருக்கு, கரண்டி வளையுது என்று புகார் வந்திருக்கிறது.

அரைத்த கடலைத் துகள் எண்ணெயைவிடக் கனம், அதனால் நாளாக ஆக அடியில் படிகிறது. கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, வேறொன்றும் சேர்க்கவில்லை என்பதன் அடையாளம். கலக்கும் விதம்:

திறப்பதற்கு ஒரு நாள் முன்பே டப்பாவைத் தலைகீழாக நிறுத்துங்கள். எண்ணெய் மெல்ல அடிக்களிமண் வழியாக ஏறும். திறந்ததும் இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வழிந்து டப்பாவெல்லாம் பிசுபிசுக்கும். ஸ்பூனால் சுற்றாதீர்கள். நீளமான மேசைக் கத்தியை அடி வரை இறக்கி, இட்லிமாவில் விரலை விட்டுத் துழாவுவது போல மேலும் கீழுமாக அறுத்துக் கொடுங்கள். கட்டி உடைந்த பிறகு சுற்றிக் கலக்கி, எடுத்து வைத்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நாலைந்து நிமிடத்தில் ஒரே மாதிரி ஆகிவிடும்.

அடி அசையவே இல்லை என்றால், கண்ணாடி பாட்டிலாக இருந்தால், மூடியை இறுக்கி மூடி கை பொறுக்கும் சுடுதண்ணீரில் கால் மணி நேரம் நிற்க வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. கலக்கி முடித்த உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிரில் எண்ணெய் தடித்து, துகள் படிவது அப்படியே நின்றுபோகும். அப்புறம் மறுபடி கலக்கத் தேவையில்லை.

9 பிப்ரவரி, இரவு

'மேலே நிற்கிற எண்ணெயை அப்படியே கொட்டிவிட்டால் அதுவே ரெட்யூஸ்டு ஃபேட் ஆகிவிடாதா?' நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

340 கிராம் டப்பாவில் சுமார் 170 கிராம் எண்ணெய். அதில் 34 கிராமைக் கொட்டினால் 306 கிராம் மிஞ்சும், எண்ணெய் 136 கிராம். அதாவது 50% இருந்தது 44% ஆனது. 32 கிராமுக்கு 16 கிராம் கொழுப்பு 14ஆகக் குறையும். கலோரி அதே 32 கிராமுக்குப் பத்து போலக் குறையும், அவ்வளவுதான், ஏனென்றால் எண்ணெய் போன இடத்தைக் கடலைமாவு நிரப்பும். பதிலுக்கு விழுது காய்ந்து, ரொட்டியில் தடவினால் ரொட்டி கிழியும். வைட்டமின் ஈயில் ஒரு பகுதி அந்த எண்ணெயோடு போய்விடும். கடைசியில் பாதி டப்பா குப்பைக்குப் போகும். கொட்டாதீர்கள்.

13 பிப்ரவரி

இப்போது ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் படித்தால் கடைச் சாதா பீனட் பட்டர் (நேச்சுரலும் இல்லை, ரெட்யூஸ்டு ஃபேட்டும் இல்லை) விஷம் என்று தோன்றலாம். ஒருவர் அப்படியே எழுதியும் இருக்கிறார்: 'ஹைட்ரஜனேட்டட் என்றால் டிரான்ஸ் ஃபேட்தானே?'

முழுதாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் வேறு, பாதி ஏற்றியது வேறு. இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு உருவாவது பாதியில் நிறுத்தும்போது. முழுதாக ஏற்றினால் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலம் ஆகி, கட்டியான நிறைவுற்ற கொழுப்பாகிவிடும். சாதா பீனட் பட்டரில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான். 2001இல் அமெரிக்க வேளாண்துறையின் ஆய்வகம் கடை பீனட் பட்டர்களைச் சோதித்தபோது கண்டறியத்தக்க அளவில் டிரான்ஸ் கொழுப்பு எதிலும் இல்லை.

இந்த ஒன்றிரண்டு சதவீதம் செய்கிற வேலை பெரியது. அரைபட்ட சூட்டிலேயே அதை உருக்கிக் கலந்து, சட்டென்று குளிர வைத்தால் ஊசி ஊசியான நுண்படிகங்கள் வலை பின்னி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுவாகக் குளிர்ந்தால் படிகம் பெரிதாகி வலை தளர்ந்து, மேலே எண்ணெய் கசியும். அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு 1920களில் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயால் நிலைநிறுத்தும் வழியைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற பிறகுதான் பீனட் பட்டர் மாதக் கணக்கில் அலமாரியில் நின்றது. அதுவரை கடைக்காரர் வாளியில் வைத்துத் துடுப்பால் கலக்கி விற்றார்.

ஆக வரிசை இப்படி: கடலை மட்டும் போட்ட நேச்சுரல் (உப்போடு அல்லது உப்பில்லாமல்) முதலிடம். சாதா இரண்டாமிடம், அதில் உள்ள குறை 2 டேபிள்ஸ்பூனுக்கு ஒன்றிரண்டு கிராம் கூடுதல் சர்க்கரையும் கொஞ்சம் உப்பும், எண்ணெய் அல்ல. ரெட்யூஸ்டு ஃபேட் கடைசி. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சின்னது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவேதான் பெரிது.

14 பிப்ரவரி

'நேச்சுரல்' என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'கலக்கத் தேவையில்லாத நேச்சுரல்' என்று ஒரு வகை உண்டு. அதில் பாமாயிலும் சர்க்கரையும் இருக்கும். முகப்பில் சின்ன எழுத்தில் 'பீனட் பட்டர் ஸ்ப்ரெட்' என்றிருக்கும். அந்த 'ஸ்ப்ரெட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது.

1959இல் எஃப்.டி.ஏ. 95% கடலை இருந்தால்தான் பீனட் பட்டர் என்று அழைக்கலாம் என முன்மொழிந்தது. கம்பெனிகள் 87% போதும் என்றன. 1965இல் தொடங்கிய விசாரணை வாரக்கணக்கில் இழுத்தது. ரூத் டெஸ்மண்ட் என்ற இல்லத்தரசி, ஃபெடரேஷன் ஆஃப் ஹோம்மேக்கர்ஸ் சார்பில் வந்து உட்கார்ந்து கடலைக்காக வாதாடினார். நீதிமன்றம் வரை போய் 1970இல் 90% உறுதியானது. இன்றைக்கும் அமெரிக்கச் சட்டம் அதுதான்: 90% கடலை, மொத்தக் கொழுப்பு 55%ஐத் தாண்டக் கூடாது, நிலைநிறுத்த எண்ணெய் சேர்த்தால் அது ஹைட்ரஜன் ஏற்றியதாக இருக்க வேண்டும். பாமாயில் ஹைட்ரஜன் ஏற்றாதது. அதனால் அதைப் போட்டவர் 'பட்டர்' என்று எழுத முடியாது, 'ஸ்ப்ரெட்' என்றுதான் எழுத வேண்டும். 60% கடலை உள்ள ரெட்யூஸ்டு ஃபேட்டும் 90%ஐ எட்டாததால் 'ஸ்ப்ரெட்'.

கடையில் நிற்கும்போது இந்த ஒரு சொல்லைத் தேடினாலே பாதி வேலை முடிந்தது.

17 பிப்ரவரி

வீட்டிலேயே அரைப்பது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கெட்டுப்போகிற இடங்கள் நிறைய.

கடலை 500 கிராம், தோலோடு, உப்பில்லாதது. முதலில் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சை அல்லது சாம்பல் பூத்தது, பொக்கு, ஓட்டையானது எல்லாம் வெளியே. இதைச் சலித்துக்கொள்ளக் கூடாது. அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அந்தச் சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். வறுத்தால் முழுசாகப் போகாது. அமெரிக்காவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்றும், ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு 4 என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்று பாருங்கள். கையால் பொறுக்குவதுதான் வீட்டில் உள்ள ஒரே ஆயுதம்.

வறுப்பது: ஓவன் இருந்தால் 175 டிகிரி செல்சியஸ், ஒரே அடுக்காக, 15 முதல் 20 நிமிடம், நடுவில் இருமுறை கிளறி. வாணலி என்றால் அடிகனமானது, சிறுதீ, கை நிறுத்தாமல் 15 நிமிடம். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே பச்சை வாடை நிற்கும். ஒரு பருப்பை இரண்டாக உடைத்துப் பாருங்கள்: உட்பக்கம் வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் சூட்டில் இன்னும் கொஞ்சம் சிவக்கும், ஆகவே ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்குங்கள். பச்சைக் கடலை இருந்த தட்டில் வறுத்ததைக் கொட்டாதீர்கள். சால்மோனெல்லா கிருமி நீர் குறைந்த கடலை விழுதிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கை பொறுக்கும் சூடு வந்ததும் துணியில் கட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். பருப்பின் நுனியில் இருக்கும் குட்டி முளையும் உதிரும், அதுதான் கசப்பு. ஆலைகளிலும் அதை எடுத்துவிடுவார்கள். 500 கிராமில் 440, 450 மிஞ்சும்.

அரைப்பது: வெதுவெதுப்பாக இருக்கும்போதே. ஜாரில் துளி ஈரம் கூடாது. பாதி ஜாருக்கு மேல் போடாதீர்கள், 220 கிராம் வீதம் இரண்டு தடவை. முதலில் விட்டுவிட்டு ஓட்டினால் ரவை மாதிரி ஆகும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டி, ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு, பக்கங்களை வழித்துவிட்டு மறுபடி. ரவை, ஈர மண், உருண்டை, கெட்டி விழுது என்று வரிசையாக மாறும். உருண்டையாகி பிளேடு சும்மா சுற்றும் கட்டத்தில்தான் பலரும் பயந்து எண்ணெய் அல்லது தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டும் வேண்டாம். வழித்துவிட்டு இன்னும் ரெண்டு நிமிடம் ஓட்டுங்கள், தானே இளகிப் பளபளவென்று வழியும். உப்பு 3 கிராம் கடைசியில்.

18 பிப்ரவரி

தண்ணீர் ஏன் கூடாது என்று நேற்று எழுதவில்லை. எண்ணெய்க்குள் மிதக்கும் துகள்கள் தண்ணீரைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். ஒரு டீஸ்பூன் போதும், வழிந்தது மாவுருண்டையாகும். தேன், வெல்லப்பாகு, பால் எல்லாவற்றிலும் தண்ணீர் உண்டு. கூடவே பூஞ்சைக்கும் வழி திறக்கும். இனிப்பு வேண்டுமென்றால் உலர்ந்த நாட்டுச்சர்க்கரையைப் பொடியாக அரைத்துச் சேருங்கள். உங்கள் அப்பாவுக்கு அதுவும் வேண்டாம்.

சென்னை வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று வாரம், ஃபிரிட்ஜில் மூன்று மாதம். ஈர ஸ்பூன் போட்டால் எந்தக் கணக்கும் இல்லை. சிக்கு வாடை, பெயிண்ட் வாடை, தொண்டையில் காறல் வந்தால் தூக்கி எறியுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: ஊரிலிருந்து தூக்கி வந்த 220 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது. 110 வோல்ட் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வெட் கிரைண்டர் இருந்தால் இன்னும் நல்லது: கல்லை நன்றாகக் காய வைத்து, மிக்ஸியில் ரவையாக்கிய கடலையை ஸ்பூன் ஸ்பூனாகப் போடுங்கள். கல் மெதுவாக ஓடுவதால் சூடேறாது, கடைப் பக்குவத்துக்கு மழமழவென்று வரும்.

24 பிப்ரவரி

விழுப்புரம் பக்கத்து நண்பர் ஒருவர் அருமையான யோசனை கேட்டிருக்கிறார். சட்னிக்குப் போடுகிற மாதிரி பொட்டுக்கடலையைச் சேர்த்து அரைத்தால் வீட்டு ரெட்யூஸ்டு ஃபேட் கிடைக்காதா என்று.

கணக்கு நன்றாக வருகிறது. நிலக்கடலை 70 கிராம், பொட்டுக்கடலை 30 கிராம். கொழுப்பு சுமார் 36 கிராம். கடை ரெட்யூஸ்டு ஃபேட்டில் 100 கிராமுக்கு 33. புரதம் குறையவில்லை, ஏறக்குறைய 25 கிராம். ஏறும் மாவுச்சத்து பருப்பு மாவு, சோளப்பாகு இல்லை. கட்டாயம் முயலலாம்.

2 மார்ச்

மேலே 'கட்டாயம் முயலலாம்' என்றதைப் பாதியாகத் திரும்பப் பெறுகிறேன். 30% பொட்டுக்கடலை எண்ணெயை முழுக்கக் குடித்துவிடுகிறது. வருவது விழுது இல்லை, பிடித்தால் உருண்டை பிடிக்கும் மாவு. இளக்க எண்ணெய் ஊற்றினால் போட்ட நோக்கம் போச்சு. 15% வரை தாங்கும். அப்போது கொழுப்பு 49லிருந்து 43 கிராமுக்கு வரும், தடவவும் முடியும். 30% வேண்டுமென்றால் வரமிளகாய், பூண்டு, உப்பு சேர்த்துப் பொடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு அதைவிட நல்ல துணை வேறில்லை.

5 மார்ச்

உண்மையிலேயே கொழுப்பு குறைந்த ஒன்று வேண்டுமென்றால் அது இருக்கிறது, அதைப் பற்றி இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறேன். வறுத்த கடலையை அழுத்தி எண்ணெயின் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்து, மிஞ்சியதைப் பொடித்து விற்கிறார்கள். பீனட் பவுடர். 2 டேபிள்ஸ்பூன் 13 கிராம்: 60 கலோரி அளவில், கொழுப்பு ஒன்றரை கிராம், புரதம் 6 கிராம். எடுத்த எண்ணெய்க்குப் பதிலாக ஒன்றையும் திணிக்கவில்லை என்பதுதான் இதன் நேர்மை. சிலவற்றில் சர்க்கரையும் உப்பும் சேர்ப்பார்கள்; 'கடலை' என்ற ஒரே சொல் மட்டும் உள்ள பாக்கெட்டாக எடுங்கள். தண்ணீரில் குழைத்தால் அன்றே சாப்பிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள். மோர், கஞ்சி, ஓட்ஸ், குழம்பில் கலக்க மிக நன்று. ரொட்டியில் தடவினால் நாக்கு பீனட் பட்டர் என்று ஒத்துக்கொள்ளாது, எண்ணெய்தான் அந்த வழவழப்பு.

6 மார்ச்

'அப்படியானால் செக்கில் ஆட்டிய புண்ணாக்கைப் பொடித்தால் அதுதானே?' தத்துவம் அதேதான். பொருள் அது இல்லை. மாட்டுக்கு விற்கிற புண்ணாக்குக்கு யாரும் பருப்பைப் பொறுக்குவதில்லை. அஃப்ளடாக்சின் எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது, பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கும். விற்பனைப் புண்ணாக்கை மனிதர் சாப்பிடக் கூடாது. பொறுக்கிய சொந்தக் கடலையைச் சுத்தமான செக்கில் கண்ணெதிரே ஆட்டி, வந்ததை நாலு நாளில் தீர்ப்பது வேறு சங்கதி.

15 மார்ச்

பாதாம், முந்திரி பட்டர் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பாதாமில் நார்ச்சத்து, கால்சியம், வைட்டமின் ஈ அதிகம். கலோரி கடலையைவிடக் கொஞ்சம் கூடுதல், புரதம் கொஞ்சம் குறைவு, விலை பல மடங்கு. முந்திரியில் மாவுச்சத்து அதிகம், நார் கம்மி; சர்க்கரைக்காரருக்குக் கடலையே மேல். பாதாமில் விழுது வர மிக்ஸியில் கடலையைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும், பொறுமை வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உள்ள 'சர்க்கரை சேர்க்காத' டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள். மனிதருக்குப் பரவாயில்லை, நாய்க்கு உயிராபத்து.

22 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார்: அப்பா இப்போது நேச்சுரல், வழித்த ஒரு ஸ்பூன். ஆனால் அவித்த மல்லாட்டையை மறக்க முடியவில்லை, பீனட் பட்டருக்குப் பதில் அதையே கொடுக்கலாமா?

கொடுங்கள், மனதாரக் கொடுங்கள். அவித்த கடலையில் தண்ணீர் நிறைய இருப்பதால் 100 கிராமுக்கு 318 கலோரி, கொழுப்பு 22 கிராம்தான். ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிடுவதால் வேகமும் குறையும். இன்னொன்று: முழுக் கடலையாகச் சாப்பிடும்போது அதிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது, விழுதாக அரைத்தால் அவ்வளவு வெளியேறுவதில்லை. 1980லேயே முழுக் கடலை, விழுது, எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பல் உடைக்காமல் விட்ட செல்லுக்குள் எண்ணெய் பூட்டிக்கிடக்கிறது.

டெக்சஸிலேயே தோலோடு பச்சைக் கடலை விவசாயிகள் சந்தையில் வரும், பொதுவாகக் கோடை முடிவிலிருந்து. அப்பா அதற்குள் திரும்பிவிடுவார் என்றால், ஆசியக் கடைகளின் உறைபெட்டியில் பாருங்கள். உலர்ந்த காயாக இருந்தால் இரவு முழுக்க ஊற வைத்து, குக்கரில் ஏழெட்டு விசில். உப்பைத் தண்ணீரில் பாதியாகக் குறையுங்கள். அவித்த கடலையில் இருக்கும் ஒரே பிரச்சினை அதுதான்.

23 மார்ச்

விசில் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ காய் என்ற அளவுக்கு. பழைய காயாக இருந்தால் பத்து விசில் கேட்கும். அணைத்ததும் திறக்காமல் அரை மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கட்டும், அப்போதுதான் பருப்பு வரைக்கும் உப்பு இறங்கும்.